நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மார்ச் 3

அன்புள்ள பென்சிலுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு என்ன குறை? எனக்கு வலது முட்டிதான் மக்கர் பண்ணுகிறது. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சூப்பர்வைசர் ஆனால் கை சுளுக்கிக்கொள்ளுமோ?

நேற்று ஒரு பதினாலு மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்தேன். கதவிடுக்கு வழியாக ஜனங்கள் எதையெல்லாம் கீழே தள்ளுகிறார்கள் என்பது உனக்கு மறந்தே போயிருக்கும். மென்று துப்பிய பபிள்கம், சீப்பிலிருந்து உருவிச் சுருட்டிய முடி, காது குடைந்த பஞ்சு. யாரோ விரலிலிருந்து பிய்த்துப் போட்ட பிளாஸ்திரி ஒன்று என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. சோப்புப் போட்டு மூன்று முறை தேய்த்தும் அருவருப்பு போகவில்லை.

மேலே ஏறி வந்தால் ஏழாம் மாடிக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். குப்பைக்கென்று வைத்த பெட்டியில் ஏழுநிழலான் கதையின் ஐந்தாம் தொகுதி! நம் இருவரில் உன்னிடம் மட்டுமே இருந்த தொகுதி. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உன் செல்லப்பிள்ளை ஏழுநிழலானுக்கு ஏழு நிழல், ஒவ்வொரு நிழலின் கையிலும் ஒரு வாள். என் உப்புராணி தொட்டால் கல்லும் உப்பாகும். இரண்டும் வேறு வேறு கதை. இவர்கள் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பன்னிரண்டு வருடம் பட்டறையில் தொண்டை கிழியக் கத்தினோமே! கடைசியில் நீதான் ஒரு துண்டுக் காகிதத்தில் ஆதாரம் எழுதி நீட்டினாய். "ஐந்தாம் தொகுதி, பக்கம் 412: நிழலைத் தொடுவாரில்லை, அதன்மேல் எந்த மந்திரமும் படியாது." என் ராணியின் கதை அத்தோடு முடிந்தது.

என் கையில் இருக்கும் புத்தகம் 388ஆம் பக்கத்தோடு முடிகிறது. வேறு பதிப்பாக இருக்கலாம். அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து அனுப்பு. போனில் கேட்டால் சிரித்தே மழுப்புவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கிரீஸ்


மார்ச் 11

என் அருமைக் கிரீஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன். பிளாஸ்திரி கதையை மட்டும் சாப்பிடும் முன் படித்திருக்கக் கூடாது.

நீ நினைத்தது சரிதான், அது வேறு பதிப்பு. என்னுடையது பெரிய எழுத்து, அதனால் பக்கம் கூடுதல். வீடு மாற்றியபோது அந்தப் பெட்டி எங்கோ போய்விட்டது. தேடிப் பார்க்கிறேன். முடிந்துபோன சண்டையை விடப்பா!

புதுசாக ஒன்று கேட்கிறேன். புகைவிழுங்கியும் கண்ணாடிக் குதிரைக்காரியும் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டால் யார் வெளியே வருவார்? நான் புகைவிழுங்கி பக்கம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்,
பென்சில்


மார்ச் 19

பென்சிலுக்கு,

பதிப்பகத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். ஐந்தாம் தொகுதி ஒரே ஒரு முறைதான் அச்சானதாம். பெரிய எழுத்துப் பதிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது.

அப்புறம் முழுப் புத்தகத்தையும் படித்தேன். நீ சொன்ன வரி எங்கும் இல்லை. 231ஆம் பக்கத்தில் வேறொன்று இருக்கிறது. கடற்கரைச் சண்டையில் உப்புக்காற்று பட்டு அவனுடைய இரண்டாம் நிழல் வெளுத்து, செதில் செதிலாக உதிர்கிறது. காற்றுக்கே அந்தக் கதி என்றால் என் ராணியின் கை பட்டால்? ஜெயித்தது அவள். அது உனக்குத் தெரியும். புத்தகம் உன் மடியில்தானே இருந்தது!

முடிந்துபோன சண்டையாம். எதை வைத்து ஆடினோம் என்று மறந்துவிட்டதா? ஒரே ஒரு சூப்பர்வைசர் இடம், தகுதி நம் இருவருக்கும். ஒருவரை ஒருவர் முந்தி நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், யாருடைய ஆள் தோற்கிறாரோ அவர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று நீதான் சொன்னாய். புத்தகத்தில் இருப்பது மட்டுமே சாட்சி என்றும் நீதான் சொன்னாய். நான் மறுநாளே போய் என் விண்ணப்பத்தை வாங்கிக் கிழித்தேன். மூன்று வருடமாகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

பிழைப்புக்காக எத்தனையோ பேர் புளுகுகிறார்கள், புரிகிறது. நடக்கவே நடக்காத ஒரு சண்டையில் போய்க் கள்ள ஆட்டம் ஆடியவனை நான் கண்டதில்லை. உன் பழைய கடிதங்களைத் தொடவே கூசுகிறது.

உண்மையை எழுது.

கிரீஸ்


ஏப்ரல் 2

அன்புள்ள கிரீஸ்,

ஆமாம். அந்த வரி நான் எழுதியது. பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது, நீயே பாராட்டினாய்.

காரணத்தைக் கேள். அப்போது எட்டு மாதமாக எனக்குத் தலைசுற்றல் இருந்தது. லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்றால் சுவர் சாயும், கண் இருட்டும். கம்பெனியில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. உன்னிடம் கேட்டால் கொடுத்திருப்பாய், தெரியும். கேட்க வெட்கமாக இருந்தது. தோற்றது ராணிதானே, நீ இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போதும் மாதம் இரண்டு முறை சோதனைக்காக மேலே ஏற வேண்டியிருக்கிறது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சமாளித்துவிடுகிறேன். கீழே குழியில் நிற்கிற பையன்களுக்கு எதுவும் தெரியாது.

ஒரு யோசனை. இங்கே இன்னொரு சூப்பர்வைசர் இடம் வரப்போகிறது. நாம் திரும்ப ஒரு சண்டை வைப்போம். புகைவிழுங்கியும் குதிரைக்காரியும். இந்த முறை நேர்மையாக. நீ ஜெயித்தால் உன் பெயரை நானே எழுதிக் கொடுக்கிறேன். உன் மனைவியிடம் மட்டும் எதுவும் சொல்லாதே.

என்றும் உன்,
பென்சில்


ஏப்ரல் 9

சூப்பர்வைசர் அவர்களுக்கு,

என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். கம்பெனி என்னை ஒதுக்கிவிட்டது என்றுதான் மூன்று வருடமாக அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளும் நாள் தவறாமல் மேனேஜரைத் திட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"இல்லாத ராணியையும் இல்லாத நிழலையும் மோதவிட்டு, இருக்குற பதவிய விட்டுட்டு வந்தீங்களா? பாவம், அந்த மேனேஜர வாய்க்கு வந்தபடி பேசினேனே! சரி, உங்க சிநேகிதர் புளுகினாரு. நீங்க எங்கிட்ட சொன்னதுக்குப் பேரு என்னங்க?"

உன்மேல் உள்ள அருவருப்பில் பாதியை எனக்கும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தப் பதவி போனதைக்கூட விடு. கேட்டால் கொடுத்திருப்பேன், உண்மைதான். ஆனால் தலைசுற்றல் வந்த அந்த எட்டு மாதமும் நீ கூண்டின் மேல் நின்றாய், நான் கீழே குழியில் நின்றேன். ஒரு நாள் உன் கையிலிருந்து விழுந்த ஸ்பேனர் என் தோளை உரசிக்கொண்டு போனது. "கை வழுக்கிடுச்சுப்பா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அதே காரியத்தை இன்றைக்கும் செய்கிறாய். கண்ணை மூடிச் சமாளிக்கிறேன் என்று பெருமையாக வேறு எழுதுகிறாய். கீழே நிற்பவனுக்கு ஒரு தலைதான் இருக்கிறது, அது உப்பாலும் நிழலாலும் செய்ததில்லை.

அந்தப் புது இடத்துக்கு நானே நேராக விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன் சிபாரிசு வேண்டாம். குகையிலிருந்து யார் வெளியே வந்தாலும் எனக்கு அக்கறையில்லை.

இருபதாம் தேதிக்குள் கம்பெனி டாக்டரிடம் போய் உன் தலைசுற்றலைச் சொல். சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. இல்லையென்றால் நான் எழுதுவேன்.

கிரீஸ்


ஏப்ரல் 21

பென்சில்,

நேற்று தபால்காரர் வருகிற வரை வாசலிலேயே நின்றேன். மின்சாரக் கட்டண நோட்டீஸ் மட்டும் வந்தது. உன் ஆபீஸுக்குப் போன் செய்தேன். நீ சோதனைக்காக மேலே ஏறியிருப்பதாகச் சொன்னார்கள்.

இன்று காலை கம்பெனிக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. உனக்கு என்ன தலைசுற்றல், எப்போதிலிருந்து, யார் கீழே நின்றார்கள், எல்லாம் இருக்கிறது. உன் கடிதத்தையும் சாட்சியாக இணைத்திருக்கிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

கையெழுத்துப் போடும்போது அழுதுவிட்டேன். உனக்காக அழ வேண்டியிருக்கிறதே என்று அதுவும் வெறுப்பாகத்தான் இருந்தது.

உன் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொடுத்ததாக இருக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்