சுமாவின் பதினான்கு ஷீட்டுகள்

திங்கள், ஆடி 5

காலையிலிருந்து சாரல். டவுன் பஸ் இருபது நிமிடம் லேட். குடை கம்பெனியிலேயே.

லைன் இரண்டில் முருகேசனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மெஷின் கதவு சென்சாரில் ஒரு காந்தத்தை டேப் போட்டு ஒட்டியிருக்கிறான். கதவு பப்பரக்கா என்று திறந்து கிடக்கிறது, மெஷினோ மூடியிருப்பதாக நம்பி ஓடுகிறது. "தொறந்து தொறந்து மூடறதுக்குள்ள நேரம் போயிருதுங்க சார். டார்கெட் வரமாட்டேங்குது." நாட்றாம்பாளையத்துக்காரன், வயது இருபத்தாறு, விரல் பத்து. பத்தும் பத்தாகவே இருக்கட்டும் என்று கத்தினேன். "அது ஒன்னத் தடுக்கதுக்கு இல்லடே, ஒன் கையக் காப்பாத்ததுக்கு!" கோபம் வந்தால் எனக்குக் கோவில்பட்டிப் பேச்சு வந்துவிடும். எச்சரிக்கைக் கடிதத்துக்கு எழுதியும் கொடுத்தாயிற்று.

சாயங்காலம் சுமாவோடு கம்ப்யூட்டர் கடை. பிரிண்டர் மை. வீட்டு கம்ப்யூட்டரில் கடைக்காரர் முன்பு போட்டுக் கொடுத்த ஆண்டிவைரஸ் காலாவதியாகி மாதக் கணக்காகிறது. புதுப்பி, புதுப்பி என்று தினமும் நச்சரிப்பு. கடைக்காரர் விடவில்லை. "ஓசியில வர்றதை நம்பி வேலை பாக்காதீங்க மேடம்." சுமா சிரித்துக்கொண்டே, "கம்ப்யூட்டரோடவே ஒண்ணு வந்திருக்கே சார். அதுக்குச் சோறு போட்டா போதும்," என்றாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

வீட்டுக்கு வந்து அவள் செய்தவை, நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபடி:

- காலாவதியானதை முழுசாக நீக்கினாள். ("ரெண்டு வாட்ச்மேன் இருந்தா ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு புடிப்பாங்க ரீ.")
- கூடவே வந்த இலவசப் பாதுகாப்பு தானாக விழித்துக்கொண்டது. பச்சை டிக்.
- அப்டேட்.
- முழு ஸ்கேன். ஒன்றுமில்லை.

ஞாயிறுதோறும் இன்னொன்றும் உண்டு. வரைபடங்களை எல்லாம் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டுவாள். கம்ப்யூட்டருக்கு வாராந்தர எண்ணெய்க் குளியல் என்று கேலி செய்வேன். "சும்னிரி," என்பாள். சும்மா இருங்கள் என்று அர்த்தம். தளி ஊர்க்காரி, வாய் கன்னடம். புருஷனான என்னைக் கூப்பிடுவது 'ரீ'.

முப்பத்தொன்பது வயதில், தன்னில் பாதி வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரையும் 'கேட்' டிராயிங் கற்றவள். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே மற்றவர்கள் வரைந்ததைத் திருத்திக் கொடுக்கும் வேலை. இப்போதுதான் பெங்களூர்ப் பக்கத்து டிசைன் ஆபீஸ் மெஷினில் வேலைப்பொருளைப் பிடித்து வைக்கும் ஒரு முழு ஃபிக்ஸ்சரையே வரையக் கொடுத்திருக்கிறது. பதினான்கு ஷீட். சனிக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். நன்றாக வந்தால் நிரந்தர வேலை. 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் முதல் தடவையாக அவள் பெயர்.

பத்து முடித்திருந்தாள், இன்று பதினொன்று. ஆடி மாதத்தில் இப்படி வந்து வாய்த்ததே என்று எனக்கு மட்டும் உறுத்தல்.

செவ்வாய், ஆடி 6

மழை இல்லை, குளிர். கேண்டீனில் உப்புமா. சாப்பிடவில்லை.

ஸ்டோர்ஸ் ராஜமாணிக்கத்திடம் ஆடி விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கா சாமி கவலைப்படறீங்க?" என்று பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்தார். ஜாதக சாஃப்ட்வேர். காசு கொடுத்து வாங்க வேண்டியது, யாரோ பூட்டை உடைத்துச் சுற்றில் விட்டிருக்கிறார்கள். கம்பெனியில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணம் இதில்தான் பொருத்தம் பார்த்ததாம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு, ஐந்து படிகள் எழுதியது.

சுமா இரண்டு ஷீட் முடித்து வைத்துவிட்டு (மொத்தம் பதின்மூன்று!) தளியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஏழு மணிக்கு நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன்.

பென் டிரைவைச் சொருகியதும் சிவப்புக் கட்டம். ஆபத்து, தடுத்துவிட்டேன் என்று. சீட்டைப் பார்த்தேன். முதல் படியே: 'ஆண்டிவைரஸை அணைக்கவும்.' அணைத்தேன். மனசு கேட்கவில்லைதான். ஆனால் ஜாதகம் பார்ப்பதில் என்ன ஆபத்து என்று நினைத்தேன்.

அருமையாகத் திறந்தது. சுமாவின் நட்சத்திரம், பிறந்த நேரம் எல்லாம் போட்டேன். சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மேல் அற்புதமான நேரம். செய்யும் காரியம் ஜெயம். மனசு நிறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாப்பாட்டைச் சூடு பண்ணினேன்.

எட்டு மணி பஸ்ஸில் வந்தாள். கை நிறைய ரோஜா. சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு மேல் அனுப்பு என்றேன். காலண்டரில் பார்த்ததாகச் சொன்னேன்.

புதன், ஆடி 7

எழுதவே கை வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கம்ப்யூட்டர் முன்னால் சுமா. இன்டர்நெட்டைத் துண்டித்திருந்தாள். ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்றில் ஒன்பது ஷீட் போய்விட்டது. பெயருக்குப் பின்னால் ஏதோ புரியாத எழுத்து ஒட்டிக்கொண்டு, திறந்தால் குப்பை. புதிதாகப் போட்ட மூன்றும் அதில் அடக்கம்.

காலை ஒன்பது மணிக்கே பார்த்திருக்கிறாள். எனக்குப் போன் செய்யவில்லை. மெஷின் பக்கத்தில் நிற்கிறவரைப் பதற வைக்கக் கூடாதாம்.

"ஒம்பதோட நின்னதே இதனாலதான்," என்று திரையைக் காட்டினாள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்த இலவசப் பாதுகாப்பு தானாகவே மறுபடி எழுந்திருக்கிறது. எழுந்தவுடன் உள்ளே புகுந்ததைப் பிடித்துத் தனியாக அடைத்துவிட்டது. அணைத்தவன் திரும்பப் போட மறந்தாலும் அது தன் வேலையை மறக்கவில்லை. சம்பளம் கேட்காத காவல், ரோஷமும் இல்லை.

"டிஸ்கை எடுத்துச் சொருகு, நகல் இருக்குல்ல," என்று நான்தான் குதித்தேன்.

"பேடா, வேணாம். உள்ள இன்னும் ஏதாச்சும் இருந்தா அந்த நகலும் போயிரும்." முழு ஸ்கேன் இரண்டாவது தடவை. பிறகு இன்டர்நெட்டை மறுபடி சேர்த்து, வேறொரு இலவச ஸ்கேனரை, அதன் சொந்தத் தளம்தானா என்று முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து இறக்கி, அதிலும் ஒரு தடவை. இரண்டு மணி நேரம் டிஸ்கைத் தொடவில்லை. எங்கள் கம்பெனியில் இவ்வளவு நிதானம் உள்ள ஆள் ஒருவர் இல்லை, என்னையும் சேர்த்து.

சுத்தம் என்று வந்த பிறகுதான் பீரோவைத் திறந்தாள். பத்து ஷீட்டும் பத்திரம். "ஆய்த்து," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டாள். "நேத்து நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா?"

"இல்லையே."

"சரி."

சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது.

வியாழன், ஆடி 8. அமாவாசை

சாரல் மறுபடி. அப்பாவுக்குத் தர்ப்பணம், அரை மணி லேட் பெர்மிஷன். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போதும் அந்த 'இல்லையே'தான் காதில்.

சுமா ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள். போன மூன்றையும் திரும்ப வரைகிறாள். முனகல் இல்லை. "ரெண்டாவது தடவை போடறப்ப நல்லா வருது ரீ. பன்னெண்டுல ஒரு அளவு தப்பு பண்ணியிருந்தேன், இப்பதான் தெரியுது." இதை எனக்கு ஆறுதலாகச் சொல்கிறாள்! சமையல் நான். ரசத்தில் உப்பு இல்லை. கவனிக்காமல் சாப்பிட்டாள்.

முருகேசன் வந்து நின்றான். எச்சரிக்கைக் கடிதம் போனால் இந்த வருட நிரந்தரம் தள்ளிப்போகுமாம். "இனிமே காந்தம் வைக்கமாட்டேங்க சார்." பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பார்க்க என்ன இருக்கிறது? அவன் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவன் கேட்டதும் ஒத்துக்கொண்டான்.

ராஜமாணிக்கம்: "நேரம் எப்படி வந்துச்சு சாமி?" நல்லாயிருக்கு என்றேன்.

வெள்ளி, ஆடி 9

வெயில். அம்மன் கோயில் கூழுக்கு கம்பெனியில் வசூல்.

11.15க்கு சுமாவின் மெசேஜ்: 'பதினான்கும் அனுப்பியாச்சு.'

வெள்ளிக்கிழமை பதினொன்றேகால்! நட்ட நடு ராகு காலம்! போன் செய்தேன். "முடிஞ்சது, அனுப்பிட்டேன். முடிஞ்சதை எதுக்கு வெச்சுகிட்டு இருக்கணும்?" சரி என்றேன். சத்தம் போடுகிற நிலையிலா நான் இருக்கிறேன்.

மாலை வந்து பார்த்தேன். பதினான்கையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் அடுக்கியிருந்தாள். இருபத்தொரு வருடமாக டிராயிங் பார்க்கிறவன் நான். ஒரு கோடு வீண் இல்லை. எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று மெயின்டனன்ஸ்காரனுக்குக்கூட இடம் விட்டு யோசித்திருக்கிறாள். மூலைக் கட்டத்தில் பெயர். பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்றும் இருந்தது.

புதுசாக மறுபடி நகல் எடுத்து, வயரைக் கழற்றி, பீரோ.

சனி, ஆடி 10

மேகமூட்டம். பஸ் சரியான நேரம், அதிசயம்.

காலை ஷிப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடப் பாதுகாப்புப் பேச்சு, இன்று என் முறை. கதவு, காந்தம் என்று பேச எழுதி வைத்திருந்த தாளை மடித்து உள்ளே வைத்தேன். "ஒரு வீட்டில் கம்ப்யூட்டர். அதில் காவலுக்கு ஒரு சாஃப்ட்வேர். அது ஆபத்து என்று கத்தியது. வீட்டு ஆள் அதை அணைத்துவிட்டுத் திருட்டு சாஃப்ட்வேரைப் போட்டான். மனைவியின் ஒன்பது டிராயிங் போனது," என்றேன். பின் வரிசையிலிருந்து, "யாருங்க சார் அந்த மாங்கா?" கையைத் தூக்கினேன்.

சிரிப்பு அடங்க நேரமானது. ராஜமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. முருகேசன் மெதுவாகக் கேட்டான். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

இல்லை.

கடிதத்தை மேனேஜரிடமிருந்து திரும்ப வாங்கினேன். முருகேசனுக்கு ஒரு நாள் பயிற்சி போதும் என்று எழுதினேன். பயிற்சி கொடுக்கப் போவது நான். மதியம் பெர்மிஷன் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றாமலே சொன்னேன். பென் டிரைவ், சீட்டு, சிவப்புக் கட்டம், புதன்கிழமை சொன்ன பொய், எல்லாம். பென் டிரைவை மேஜை மேல் வைத்தேன்.

சுமா கம்ப்யூட்டரில் எதையோ திறந்து என் பக்கம் திருப்பினாள். அந்தப் பாதுகாப்பின் குறிப்பேடு. என்ன நடந்தது என்று அதுவும் தினமும் எழுதுகிறதாம், என்னைப் போல. செவ்வாய், இரவு 7.12, பாதுகாப்பு அணைக்கப்பட்டது.

"புதன்கிழமை காலையிலேயே பாத்துட்டேன் ரீ."

"அப்புறம் ஏன் கேட்ட?"

"நீங்க சொல்லுவீங்களான்னு."

உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள். நான் போக்கிய ஷீட்டுகளைத் திரும்ப வரைந்துகொண்டே, என் உப்பில்லாத ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிச்சுக்கோ என்றேன். திரும்பவும் சொன்னேன்.

"அதில என்ன நேரம் வந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"இன்னைக்குப் பத்தே முக்காலுக்கு மேல. காரியம் ஜெயம்."

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பத்து மணிக்கே அவங்க போன் பண்ணிட்டாங்க. ஒண்ணாந் தேதியிலேருந்து நிரந்தரம்."

இப்போது மணி நாலு. கம்ப்யூட்டரில் எனக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து கொடுத்திருக்கிறாள். அதிலிருந்து எதையும் அணைக்க முடியாது, நிறுவவும் முடியாது. பாஸ்வேர்ட் அவளிடம். ராஜமாணிக்கத்திடம் பென் டிரைவைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன்.

"அது இங்கயே இருக்கட்டும். பாவம், அவங்க வீட்டு கம்ப்யூட்டர் எந்த நிலைமையில இருக்கோ. நாம போய்ப் பாத்துட்டு வரலாம், சட்டையை மாத்துங்க."

ராஜமாணிக்கத்துக்குப் போன் செய்துவிட்டேன். டீ போட்டு வைக்கிறாராம். சட்டை மாற்றப் போகிறேன்.