இடது செருப்புக்கு அடியில் நீ ஒட்டிய ரப்பர்

என் ஆசைத் தம்பி சின்னராசுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. வலியில்லாமல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று ஊரே சொன்னது. போனது நல்லதுதான் என்று நானும் சொல்கிறேன். நீ போனதால்தான் உன் மகள் நித்யாவுக்கு ஆபரேஷன் நடந்தது.

கோபித்துக்கொள்கிறாயா? உயிரோடு இருந்தபோதே உன் கோபத்துக்கு நான் பயந்ததில்லை.

ஸ்கோலியோசிஸ் என்று டாக்டர் பெயர் சொன்னார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துகொண்டே போகிறது, கம்பியும் திருகும் வைத்து எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்றார். நீ என்ன சொன்னாய்? "நட்டு போல்ட்டு போட்ட புள்ளைய எவன் அக்கா கட்டுவான்?" கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்து, காலமெல்லாம் நட்டும் போல்ட்டும் கடைந்து சோறு தின்றவன் நீ. ஊரான் பம்புசெட்டுக்கு ஆகிற போல்ட், பெற்ற மகளுக்கு ஆகாதா?

அப்புறம் உன் வைத்தியம். லேத்தில் டூல் தாழ்ந்து நின்றால் அடியில் தகடு சொருகி மட்டமாக்குவாயே, அதே வேலையைப் பிள்ளையிடம் காட்டினாய். பட்டறை ரப்பரை வெட்டி அவளுடைய இடது செருப்புக்கு அடியில் ஒட்டினாய். அவளைச் சுவரோரம் நிறுத்தித் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, "பாத்தியாக்கா, பேக்கிங் குடுத்தா லெவல் ஆயிருது" என்று சிரித்தாய். தோள் மட்டமாகத்தான் தெரிந்தது. உள்ளே எலும்பு உன் பேச்சைக் கேட்கவில்லை.

பொட்டலம் கட்டி வந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவள் நான். தள்ளிப்போடாதே என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன்? "பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவ, எனக்குப் பாடம் எடுக்கறயா?" என்றாய். மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி அவள் உட்கார்ந்தபோதும் எண்ணெய் தேய்க்கச் சொன்னாய். பயந்துபோய்த்தான் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். உன் பயத்தை ஏன் அவள் முதுகில் ஏற்றினாய்?

பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். கருமாதி முடிந்த கையோடு உன் மனைவி சரசுவையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அவரு ஆத்மா சாந்தியடையாதுங்க" என்று சரசு அழுதாள்.

"அடையாட்டி அலையட்டும்" என்றேன்.

இப்போது நித்யா நிமிர்ந்து நிற்கிறாள். பழைய சுடிதாரெல்லாம் குட்டையாகிவிட்டது. மூச்சு வாங்காமல் மாடியேறி வந்து என்னோடு சண்டை பிடிக்கிறாள். ஆபரேஷன் முடிந்த புதிதில் திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அவள் கத்திய கத்தல் உனக்குக் கேட்டதா? முழுசாகவும் நேராகவில்லை. ஒரு தோள் இன்னும் கொஞ்சம் தூக்கல். தழும்போரம் தொட்டால் தெரிவதில்லை. இடுப்பை வளைத்துக் குனிய முடியாது. "முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு கீழ வரைக்கும் கம்பி போட வேண்டி வந்திருக்காதுங்கம்மா" என்றார் டாக்டர். அவள் இடுப்பில் மிஞ்சியிருக்க வேண்டிய அந்த வளைவைத் தின்றது யார்?

நேற்று உனக்குத் தெவசம். பலகைமேல் உன் படத்தை வைத்து, இலை போட்டு, எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். நித்யா மட்டும் நின்றாள். "உட்டுருங்க, கம்பி வெச்ச புள்ள, பாவம், குனிய முடியாது" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

அவள் உள்ளே போய் அந்தப் பழைய செருப்பை எடுத்து வந்தாள். ரப்பரைப் பிய்த்தாள். முதுகு வளையாமல், முட்டியை மடக்கி உட்கார்ந்து, ஒரு பக்கம் சரிந்திருந்த உன் படத்துக்கு அடியில் அதைச் சொருகினாள்.

"இப்ப லெவலா இருக்குதுங்களா அத்தை?"

"இருக்குது கண்ணு."

எழுந்துகொண்டாள். கும்பிடவில்லை. முட்டி மடக்கி உட்காரத் தெரிந்தவளுக்கு விழத் தெரியாதா? கூடியிருந்தவர்களுக்குப் புரிந்தது. சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பந்திக்கு இலை போடப் போனேன்.

அடுத்த வருஷமும் அவளை விழச் சொல்ல மாட்டேன். அந்த ரப்பரை யாரும் எடுக்கவும் விடமாட்டேன். என் உயிர் இருக்கும்வரை உன் படம் அதன்மேல்தான் நிற்கும்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த, இன்னும் மன்னிக்காத,
உன் அக்கா தெய்வானை