கடல் பூட்டியிருந்த காலத்தில் நீங்கள் படித்தவை

இன்று என் பழைய பெட்டியின் அடியில் உங்கள் கொம்பாஸ் பெட்டி கிடைத்தது. திறந்ததும் துருவேறிய தகரமும் பென்சில் சீவலும் கலந்து மணத்தன. பேத்தி அதைக் குப்பைக்குள் போடப் போனாள்.

"வை பிள்ளை, அது அம்மப்பாவின்ரை."

"சின்னனிலை பாவிச்சதோ?"

"இல்லை. நாற்பத்தாறு வயசிலை."

அவள் நம்பவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு குருநகரில் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. மற்ற ஆண்கள் கூடியிருந்து கடலைப் பார்த்தார்கள். நீங்கள் மூன்றாம் நாளே என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"இஞ்சாரும், உதை எனக்குக் காட்டித் தாரும்."

"உது பொம்பிளையளின்ரை வேலை."

"வலைக் கிழிசல் பொத்தின கை இது. ஊசிக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியாது."

இரண்டு கிழமையில் பள்ளிக்கூடச் சட்டை தைத்தீர்கள். உங்கள் அண்ணை வந்து, மானம் போகுது என்று சத்தம் போட்டார். அடுத்த நாள் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் றோட்டுப் பக்கம் பார்த்து வைத்தீர்கள். "வெக்கப்படுற ஆக்கள் மற்ற றோட்டாலை போகட்டும்" என்றீர்கள்.

அதோடு நின்றீர்களா? எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன மனிதர், பதினாறு வயசுப் பிள்ளைகள் எழுதும் ஓ.எல். சோதினை எடுக்கப்போகிறேன் என்றீர்கள். மகளின் பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு பகலெல்லாம் படித்தீர்கள். ஒருநாள் அடுப்படியில் நின்ற என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். கயிற்றில் ஒரே அளவாக முடிச்சுப் போட்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நிலத்தில் இழுத்துப் பிடித்திருந்தீர்கள். மூலை செங்கோணமாக நின்றது.

"பாரும், பிசகேல்லை. எத்தினை வருசம் கயிறு பிடிச்சன், உது தெரியாமல்." உங்கள் கண் கலங்கியிருந்தது. உலை பொங்குகிறது என்று நான் போய்விட்டேன்.

சோதினையன்று உங்களோடு வந்தேன். வாசலில் நின்ற இளம் வாத்தியார், "ஐயா, பிள்ளையை விட்டிட்டு வெளியிலை நில்லுங்கோ" என்றார்.

"பிள்ளை வரேல்லை, தம்பி. நான்தான் எழுதப்போறன்."

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் றோட்டின் மற்றக் கரைக்குப் போய், உங்களைத் தெரியாதவள்போல நின்றேன். இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் திரும்பிப் பார்க்காமல், கொம்பாஸ் பெட்டியைக் கக்கத்தில் வைத்தபடி உள்ளே போனீர்கள்.

கணக்கில் தவறிவிட்டது. இனிப் போதும் என்றேன்.

"வெறும் வள்ளத்தோடை வந்த நாளிலை, இனிப் போதும் எண்டு சொன்னனீரோ?" என்று கேட்டீர்கள்.

இரண்டாம் முறை கணக்கும் பாஸ். அண்ணை விடவில்லை. "உந்தக் கடதாசித் துண்டை வைச்சு என்ன செய்யப்போறாய்?"

"ஒண்டும் செய்யப்போறேல்லை. எனக்கு விளங்கிச்சுது. அது போதும்."

தொண்ணூற்றைந்தில் ஆமி வருகிறதென்று ஊரே எழும்பி மழைக்குள் நடந்தது. சாவகச்சேரியில் ஒரு தோட்டக்காரரின் மாட்டுக் கொட்டிலோடு ஒட்டி இறக்கிய ஓலைச் சாய்ப்பில் இடம் கிடைத்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் வீட்டுக்காரப் பெண்ணிடம் போய்ப் பால் கறக்கக் காட்டச் சொன்னீர்கள்.

"கடல்காரருக்கு மாடு என்னத்துக்கு அண்ணை?"

"இஞ்சை மாடுதானே நிக்குது, தங்கச்சி."

பசு இரண்டு முறை உதைத்தது. நாலாம் நாள் அரை டம்ளர் பாலோடு வந்து என் முன்னே வைத்தீர்கள். அன்று நான் அழவில்லை. மூன்றாம் கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். வாகனம் தேடிப் போனவர்கள் திரும்பி வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு மறுநாள் விடிய, துக்கத்துக்கு உடுத்த கறுத்த சீலையோடு அந்தப் பெண்ணிடம் போனேன். "எனக்கும் கறக்கக் காட்டித் தாங்கோ" என்றேன். அவள் எழும்பித் தன் முக்காலியைத் தந்தாள்.

அதற்குப் பிறகு சைக்கிள், மருந்தூசி போடுவது, பிறகு வந்து சேர்ந்த இந்தக் குளிர் நாட்டுப் பாஷை என்று நிறையப் படித்துவிட்டேன். இப்போது எழுபத்து மூன்று. குருநகரில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்காதவள், இந்த மாதம் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். இந்த வயதில் என்னத்துக்கு என்று மகன் தொலைபேசியில் கேட்டான். நாளைக்குக் காலை ஏழரைக்கு வகுப்பு, நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.