எனக்குக் கிடைக்காத நடை மெஷின்

மார்ச் 4

வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இன்று ஜேரேயின் ஷூவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். புதுசு இல்லை. குதிகால் தேய்ந்து, ஓரத்தில் ஓட்டை. லாரியிலிருந்து விழுவதற்கு முன் நான் வாங்கியது இன்னும் கடையில் இருந்த மாதிரியே பளபளக்கிறது. ஓட்டைக்குப் பொறாமைப்படுகிறவன் இந்த லுசாகா ஊரிலேயே நான் ஒருத்தன்தான்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு எந்தப் பயிற்சி உண்மையில் பலன் தருகிறது என்று ஆராய்ச்சிகளை அலசி, புது வார்டுக்கு என்ன வேண்டும் என்று சொல்ல ஒரு குழு. டாக்டர்களுக்கு நடுவே அடிபட்டவர்கள் இரண்டு பேர். சக்கர நாற்காலியில் நான், கைத்தடிகளோடு ஜேரே. பல வருஷத்துக்கு முன், அடிபட்டுக் கிடந்தபோது, ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில் எங்களுக்கு. அவனை நடை மெஷினில் இடுப்புப் பட்டையால் தொங்கவிட்டு நடக்க வைத்தார்கள். என் முறை வந்தபோது மெஷின் பழுது.

மார்ச் 5

பழுதாகாமல் இருந்திருந்தால்?

மார்ச் 11

நான் பெம்பா இனம், அவன் ங்கோனி இனம். இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. சாவு வீட்டில்கூட வாய்க்கு வந்தபடி திட்டலாம், கோபிக்கக் கூடாது.

"எலி தின்னி வந்துட்டான், ஆஸ்பத்திரி எலியெல்லாம் ஓடி ஒளிஞ்சுக்கோங்க" என்றேன்.

"குரங்கு தின்னிக்கு வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது" என்றான்.

வெளிநாட்டு டாக்டர் ஒருவர் பயந்துபோய் எங்களை ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தார்.

ஜேரே தான் மறுபடி நடக்கத் தொடங்கிய கதையைச் சொன்னான். குழுத் தலைவர் டாக்டர் நமகாவு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவக் கற்ற கதையை நான் ஆரம்பித்தேன் — டீ வந்துவிட்டது.

"என் நடையைத் திருடிக்கிட்டுப் போன பயடா நீ!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நானும் கேலிக்குச் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டானோ?

மார்ச் 18

பிசியோதெரபி பெண் முட்டிண்டா ஆராய்ச்சிகளை விளக்கினாள். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை மெஷினில் நடக்க விட்டார்களாம், பாதிப் பேரைத் தரையில். "கடைசியில ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் நடந்தாங்க அண்ணே."

"ஜேரே நடக்கிறானே, அது?"

"மெஷின் இல்லாட்டி நடந்திருக்க மாட்டார்னு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும்மா. பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன் நான். அடுத்த வாரம் ஓட்டெடுப்பில் மெஷின் வேண்டும் என்றுதான் கை தூக்குவேன். ஜேரேயும் தூக்கினால் டாக்டர்கள் அசைவார்கள். மெஷின் வார்டுக்கு வந்தால் எனக்கும் ஒரு தரம்...

மார்ச் 19

ஜேரே வீட்டுக்கு வந்தான். என் மனைவி கிண்டிய சோளக்களியை நெத்திலியோடு ஒரு பிடி பிடித்தான். கை கழுவியபடி சொன்னான்:

"மச்சான், மெஷின்ல ஏத்துறதுக்கு முன்னாடியே என் கால் கட்டைவிரல் ஆடிச்சு. போர்வைக்குள்ள மறைச்சு வச்சிருந்தேன்."

"எதுக்குடா?"

"நீ பக்கத்துல உன் விரலையே முறைச்சுப் பாத்துக்கிட்டுக் கிடந்தே. எப்படிடா காட்டுறது?"

அவன் போன பிறகு என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். 

என் விரல் ஒருநாளும் ஆடியதில்லை. அப்படீன்னா மெஷின் ஓடியிருந்தாலும் — சரி. இத்தனை வருஷமா எதைப் பாத்துடா வயிறெரிஞ்சே, கபோட்வே? அந்தப் போர்வையைப் பார்த்தல்லவா எரிந்திருக்க வேண்டும்?

இப்போது எரிகிறது.

மார்ச் 25

மெஷினுக்கு ஜேரே கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. நாற்காலி ஓட்ட, விழுந்தால் திரும்ப ஏற, படுக்கைப் புண் வராமல் காக்க, அடிபட்டவர்களே சொல்லித்தரும் பயிற்சிதான் வேண்டும் என்று முடிவு. அதற்கு என் கைதான் கடைசியாக எழுந்தது. கனத்தது.

ஜூன் 3

வார்டு முற்றத்தில் முதல் வகுப்பு. வாத்தியார் நான். முன் சக்கரங்களைத் தூக்கி, பின் சக்கரத்தில் நின்று, அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினேன். புதுப் பையன்கள் கை தட்டினார்கள். ஜேரே தட்டவில்லை. என் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"இதென்ன பெரிய வித்தையா? தள்ளுடா" என்று காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தான்.

"நடக்கிறவனுக்கு இது வராது மச்சான்."

முன் சக்கரங்கள் எழுந்தன. பிறகு ஜேரேயின் கால்களும் எழுந்தன. பின்னால் இருந்த டீ மேசை மேல் சாய்ந்தான். கோப்பைகள் பிளாஸ்டிக், உடையவில்லை. டீ முழுக்கத் தரையில்; வகுப்பைப் பார்க்க வந்திருந்த டாக்டர் நமகாவு அன்று டீ குடிக்கவில்லை. வகுப்பு தொடர்ந்தது.