உப்பு போடாத படி

தை மாதம், வெள்ளி இரவு.

மாலையில் கனடாவிலிருந்து மகள் சுமதி வீடியோவில் வந்தாள். அங்கே அப்போதுதான் காலை. ஏழு மாத வயிற்றோடு, பனி உறைந்த வாசல் நடைபாதையில் உப்பை இறைத்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமியை மிதிக்கிறியேடி!"

"நம்ம தருமபுரில நடைபாதைல கடை போடறாங்க, இங்க உப்பு போடறோம். அப்பத்தான் பனி உருகும். இல்லன்னா போறவங்க வழுக்கி வுழுவாங்கம்மா. சரி, உனக்காக வூட்டுப் படில மட்டும் போடல."

ஒன்பது மணிக்கு மருமகன் பேசினார். அந்தப் படியில்தான் வழுக்கி விழுந்துவிட்டாளாம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

பூஜை அறையில் நின்றேன். மகாலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்பதா, கோபித்துக்கொள்வதா, புரியவில்லை. நாளை சனிக்கிழமை, படியிலும் போடச் சொல்லிவிடலாம். அடுத்த வெள்ளிக்கு என்ன சொல்வது?