நீ சொன்ன அந்த ஒரு 'சரி'

என் கண்ணு முருகேசா,

நீ போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. இங்கே டெக்சாஸில், நம் கேட்டி ஊரில், வெயில் தொடங்கிவிட்டது. உன் மிருக ஆஸ்பத்திரிக் கதவில் இன்னும் உன் பெயர் இருக்கிறது. நேற்றுகூட ஒரு அம்மாள் பூனைக்கூண்டோடு வந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்துவிட்டுப் போனாராம்.

நாளைக் காலை உன் உதவியாள் கார்லாவுக்கு விசாரணை. அவள் நாயின் பிடியை விட்டதால்தான் நீ செத்தாய் என்று உன் மகன் பிரவீன் மாநிலக் கால்நடை மருத்துவ வாரியத்துக்கு எழுதிப் போட்டுவிட்டான். பதினோரு வருடம் உன் பக்கத்தில் நின்று நாய்களையும் பூனைகளையும் பிடித்துக்கொடுத்தவள். அவளுடைய உரிமம் போய்விடும். அன்று அந்த அறையில் நடந்த பேச்சை முழுதாகக் கேட்டு நினைவு வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். உன்னிடம் சொல்லாமல் அங்கே போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் வந்துகொண்டிருந்த நம் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழ்ச் சங்க மலருக்கும் அனுப்புகிறேன்.

அந்தச் சொல்லை உனக்குக் கொடுத்தது நான். நினைவிருக்கிறதா? ஓய்வு பெற்று இங்கே வந்து, உன் முன்மேசையில் உட்கார ஆரம்பித்த புதிது. "அக்கா, நான் ஓகேன்னு சும்மா சொன்னாக்கூட இவங்க நாயை விட்டுடறாங்க. என்ன பண்றது?" என்று கேட்டாய். இந்த ஊரில் யார் வாயிலும் தப்பித் தவறி வராத சொல்லாக ஒன்றை வைத்துக்கொள், அது காதில் விழுந்தால்தான் பிடியை விட வேண்டும் என்று ஆர்டர் போடு என்றேன். 'சரி' என்று வைத்தோம். கார்லா வாயில் அது 'ஸாரி' என்றுதான் வரும். ஏன் எல்லோரும் நாயிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று ஒரு டெக்சாஸ் பெரியவர் கேட்க, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், முருகேசா. முப்பத்திரண்டு வருடம் பௌதிகம் நடத்தியவள் நான். என் ஆய்வுக்கூடத்தில் நான் 'போடு' என்று சொன்னால்தான் சுவிட்சைத் தொட வேண்டும். ஒருநாள் வாசலில் நின்ற அட்டெண்டரிடம் "அந்த நாற்காலியை இங்க போடு" என்றேன். மேசையில் இருந்த பெண் சுவிட்சைப் போட்டுவிட்டாள். அவள் விரல்கள் கருகிய வாசனை வாரக்கணக்கில் என் மூக்கில் இருந்தது. அடுத்த நாளே சொல்லை மாற்றினேன். அந்தப் பாடத்தை ஏன் உன் வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தேன்?

முதலில் உன்னிடம் வந்தவர்களெல்லாம் வெள்ளைக்காரர்கள். பிறகு நம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் நீ 'டாக்டர் அங்கிள்' ஆனாய். அறைக்குள் தமிழ் நுழைந்தது. தமிழ் பேசுகிற வாயில் 'சரி' எத்தனை தரம் வரும்?

கார்லாதான் அதைக் கண்டுபிடித்தாள். நீ ஒரு பூனைக்கு ஊசி போட்டுக்கொண்டே அதன் சொந்தக்காரரிடம் "சரிங்க, சரிங்க" என்றாய். அவள் பிடியைத் தளர்த்தினாள். பூனை உன் மணிக்கட்டைக் கிழித்தது. அன்று மாலையே விபத்துக் குறிப்பேட்டில் அவள் எழுதினாள்: டாக்டர் இந்தச் சொல்லைத் தமிழ் வாடிக்கையாளர்களிடமும் சொல்கிறார், சொல்லை மாற்ற வேண்டும். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

"பூனை பிராண்டுனதுக்கெல்லாமா நோட்டுல எழுதோணும்?" என்றாய் நீ.

"ஆமா, உன் கை என்ன தங்கத்துலயா செஞ்சிருக்குது?" என்றேன் நான்.

இரண்டு பேரும் சிரித்தோம். சொல் அப்படியே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ரம்யா அவளுடைய ராட்வீலர் நாயைக் கொண்டுவந்தாள். லட்டு என்று பெயர் வைத்த அந்த மலையை. காதில் சீழ். போன முறை பல்லைக் காட்டியதால் அதன் கோப்பில் சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஸ்டிக்கர் என்றால் வாய்க்கூடு போட வேண்டும், சொந்தக்காரர் வெளியே இருக்க வேண்டும். கார்லா வாய்க்கூட்டைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ டாக்டர் அங்கிள், மசில், வாய்க்கூடு எல்லாம் வேணாம், ப்ளீஸ். அவன் ஒண்ணுமே பண்ண மாட்டான், பேபி மாதிரி. நானும் உள்ளயே நிக்கறேன். ஆண்ட்டி, நீங்களும் வாங்க, உங்கள பாத்தா வால ஆட்டுவான்."

நீ வாய்க்கூட்டை வாங்கி மேசைமேல் வைத்தாய். கார்லா வேண்டாம் என்றாள், இரண்டு முறை. நீ பரவாயில்லை என்றாய். நான் உள்ளே வந்தேன். சிவப்பு ஸ்டிக்கர் நாய் இருக்கும்போது மற்றவர்கள் வரக்கூடாது என்ற விதியை அந்த அறைப் பலகையில் குண்டு எழுத்தில் எழுதியவளே நான்தான்.

தரையில் லட்டுவின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தாள் கார்லா. நீ முழங்காலிட்டு, கருவியை அதன் காதுக்குள் விட்டிருந்தாய். உன் முகத்துக்கும் அதன் பல்லுக்கும் நடுவே ஒரு சாண்.

"அங்கிள், அவனுக்கு மூச்சு முட்டுது அங்கிள்!" என்றாள் ரம்யா.

நீ நிமிராமல் சொன்னாய்: "சரி சரி, பயப்படாத கண்ணு."

கார்லா கையை எடுத்தாள்.

லட்டு குரைக்கவில்லை. திரும்பி உன் தாடைக்குக் கீழே கவ்வியது. ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். உன்னைத் தூக்கி உதறியது. உன் தலை மேசைக்காலில் இடித்தது. ரத்தம் விட்டுவிட்டுச் சுவரில் அடித்தது, நான் எழுதிய பலகைமேலும். ரம்யா கத்திக்கொண்டே இருந்தாள். கார்லா தன் வலது கையை அதன் கடைவாய்க்குள் திணித்தாள். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அது உன்னை விட்டுவிட்டு அவளைப் பிடித்தது. அவள் அப்படியே அதை இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து அறைக்குள் தள்ளிக் கதவை அடைத்தாள். அவளுடைய இரண்டு விரல்கள் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன.

நான் உன் கழுத்தைத் துண்டால் அழுத்தினேன். சூடாக என் முழங்கைவரை வந்தது. நீ என்னைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். அந்தச் சொல் என்னடா?

சட்டப்படி லட்டுவைக் கொன்று, தலையை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வெறிநோய் இல்லை. வலித்த காதைத் தொட்டதற்குக் கடித்தது, அவ்வளவுதான். கடித்த நாய்மேல் நீ ஒருநாளும் பழி சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

ரம்யாவுக்கு அந்த நிமிடம் எதுவும் நினைவில் இல்லை. "அந்த லேடி திடீர்னு விட்டுட்டாங்க" என்று மட்டும் சொல்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் பிரவீன் எழுதினான். போன வாரம் ஆஸ்பத்திரியில் உன் மேசை இழுப்பறையில் அந்தக் குறிப்பேடு எனக்குக் கிடைத்தது. கார்லா எழுதிய பக்கத்தை அவனை அங்கேயே வரவழைத்துக் காட்டினேன்.

"அத்தை, நோபடி நீட்ஸ் டு சீ திஸ்" என்றான். யாரும் பார்க்க வேண்டாமாம்.

"கார்லாவுக்கு வேணும், சாமி."

"இட் மேக்ஸ் அப்பா லுக் கில்ட்டி! ஷீ கில்டு ஹிம்!" அது உன்னைக் குற்றவாளி ஆக்குமாம், கொன்றவள் அவளாம்.

என் மணிக்கட்டை முறுக்கிக் குறிப்பேட்டைப் பிடுங்கப் பார்த்தான். நான் விடவில்லை. அட்டை கிழிந்து அவன் கையோடு போயிற்று. ஆத்திரத்தில் சுவரிலிருந்த விதிப்பலகையை ஓங்கிக் குத்தினான். அது விரிசல் விட்டது. அவன் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. மறுபடியும் நான் ஒரு துண்டை எடுத்து அழுத்தினேன். இரண்டே கை, எத்தனை ரத்தத்தைத்தான் நிறுத்தும்? அப்போதுதான் அவன் முதல்முறையாக அழுதான். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், குறிப்பேடு என் தலையணைக்குக் கீழே இருக்கிறது.

உன் பெயர் கெடும், முருகேசா. வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாது என்று வாய்க்கூட்டை ஒதுக்கி வைத்த டாக்டர் என்பார்கள். எனக்கு வலிக்கிறது. ஆனால் உன் சாவுக்குக் கட்டுப்போட்ட கையோடு வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று 'ஸாரி, ஸாரி' என்று அவள் அழுதாளே. மன்னிப்புக் கேட்டாளா, இல்லை நீ சொன்ன சொல்லைத்தான் உனக்குத் திருப்பிச் சொன்னாளா? அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நாளை என்னிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பார்கள். ரம்யாவுக்கு அது ஆறுதல், கார்லாவுக்கு அது உத்தரவு என்று சொல்வேன். உத்தரவுப்படிதான் அவள் கையை எடுத்தாள், அதே கையைத்தான் உனக்காக நாயின் வாயில் கொடுத்தாள் என்று சொல்வேன். சொல்லை மாற்றச் சொன்னவள் அவள், சிரித்தவர்கள் நாம் இருவர் என்பதையும் மறைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், கண்ணு. அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதே. தலையை அசை, போதும்.

உன் கழுத்தைக் கடைசிவரை அழுத்திப் பிடித்திருந்த,
உன் அக்கா சரசு