பத்தில் ஏழு பேர்

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை உனக்கு வேண்டாம் என்றேன், நீ எங்கே கேட்டாய்.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். மச்சான் நம் வீட்டை விற்கச் சொல்கிறார். என் பங்கான பாதி வீட்டை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள், முழுசாகத்தான் விற்க வேண்டும் என்கிறார். நீ கையெழுத்துப் போடாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாமாம். இவளும் தன் அண்ணன் பக்கம்தான். என் பூட்டு சாவிக் கடை இருப்பதே மச்சானுடைய இடத்தில். நான் வாயைத் திறக்க முடியுமா?

இதற்கு நடுவில், புதிதாகக் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கும் அந்த மூலதன ஆதாய வரி வேறு. வீடு, நிலம், பங்கு எதை விற்று லாபம் வந்தாலும் அதில் ஒரு பகுதி அரசாங்கத்துக்குப் போய்விடுமாம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அதையே பேசுகிறார்கள். நீதான் அதைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்டு எழுதுகிறாயே. வரி வருமா, வராதா? கட்டாயம் எழுது. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

உன் தம்பி


மே 14

என் முயல்குட்டிக்கு,

உன் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது இந்த வீட்டில்தான். ஐம்பத்துமூன்று வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பேன்? பயமாக இருக்கிறதடா.

என் வேலையைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? கேள்வியை அச்சில் இருக்கிறபடி ஒரே குரலில் வாசிக்க வேண்டும். தலையாட்டக் கூடாது. "அப்படியா" என்றுகூடச் சொல்லக் கூடாது. விளக்கம் கொடுக்கவே கூடாது. அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கே சொல்வதில்லை, தெரிந்தால் குரலில் வந்துவிடுமாம். நேற்று ஒரு வாடகை வீட்டில், விற்பதற்கு ஒரு தகரப் பெட்டிகூட இல்லாத ஒரு அம்மா, கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, "எங்ககிட்டேருந்து எதையும் எடுத்துட மாட்டாங்களே?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேள்வியையே திரும்ப வாசித்தேன். சில வீடுகளில் திறப்பதே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பது கதவுக்கடியில் நிழலாகத் தெரியும். படிவத்தில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு வந்துவிடுவேன்.

வரி வருவதற்குள் கைமாற்றிவிட வேண்டும் என்று பாதிப் பேர் ஓடுகிறார்கள். உன் மச்சானும் அந்தக் கூட்டம்தானே! அதனால் சொல்கிறேன். என் படிவங்களில் பத்தில் ஏழு பேர் இந்த வரி வேண்டாம் என்கிறார்கள். ஜனங்கள் வேண்டாம் என்பதை யார் கொண்டுவருவார்கள்? வரி வராது. விற்க அவசரமே இல்லை என்று, என் பேரை இழுக்காமல், மச்சானிடம் பக்குவமாகச் சொல்.

அக்கா


மே 23

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த நேரம் மச்சான் கடையில் இருந்தார். "சத்தமா படிங்க மாப்பிள்ளை" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கூட்டம் கீட்டம் என்று அவரைத் திட்டியிருந்த இடத்தை மட்டும் முழுங்கிவிட்டு மற்றதைப் படித்தேன். அவர் சிரித்துவிட்டார் அக்கா.

அவர் வரிக்குப் பயந்து அவசரமாக விற்க நினைத்தவர் இல்லை. அந்த வரி, அறிவிப்பு வந்த நாளிலிருந்தே கணக்காம். இனி எப்போது விற்றாலும் தப்ப முடியாதாம். அதனால் வரி வந்தால் விற்பதில் பிரயோஜனமே இல்லை, வீட்டை விட்டுவிடலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து வைத்திருந்தது அது ஒன்றுதான். வரி வந்துவிடுமோ என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பயப்பட, நான் ஒருவன் மட்டும் வர வேண்டும், வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அன்று எழுதும்போது இவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரியைப் பற்றிக் கருத்துக் கேட்டு உன் ஆபீசிலிருந்து கடைக்கும் போன் வந்தது. பேர் வெளியே தெரியாதே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். பிறகு, வரி வேண்டும் என்றேன். காரணம் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார், அவருக்குப் போக வேறு இடம் இல்லை என்று சொன்னேன்.

இப்போது மச்சான், "உங்க அக்காவே சொல்லிட்டாங்க, இனி என்ன பயம்" என்கிறார். வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு ஜூன் ஏழாம் தேதி வீட்டை அளக்க வருகிறோம்.

உன் தம்பி


மே 28

தம்பி,

நான் எழுதியது பொய். பத்தில் ஏழு பேர் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் மூன்று பேர்தான். நீ பயந்துபோய் விற்றுவிடுவாய் என்று, எண்ணைத் திருப்பிப் போட்டு எழுதினேன். பதினோரு வருஷமாக ஒரு படிவத்தில் ஒரு புள்ளியை மாற்றாதவள், உனக்கு எழுதிய கடிதத்தில் மாற்றிவிட்டேன். அந்தக் கேள்வியை நூற்றுக்கணக்கான வாசல்களில் கேட்டேன், உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இந்த எண் வெளியே போனது தெரிந்தால் எனக்கு வேலை இருக்காது. பரவாயில்லை. போன கடிதத்தைப் படித்த மாதிரியே இதையும் மச்சான் முன்னால் சத்தமாகப் படி.

வாசலில் யார் பேச்சுக் குரல் கேட்டாலும் விளக்கை அணைத்துவிடுகிறேன். சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். மச்சான் இரண்டு கடிதங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல எது பொய் மாப்பிள்ளை?" என்று கேட்டார். இரண்டாவது நிஜம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. இவளும் நம்பவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் பயந்துதானே மறைத்தேன்.

இந்த மாதக் கடைசியில் அரசாங்கம் முடிவைச் சொல்லிவிடும். நீ சொன்ன ஏழு பேர் நிஜமாக இருந்தால் வரி வந்துவிடும், அதற்குப் பிறகு மச்சான் தானாக விட்டுவிடுவார். அதுவரைக்கும் அந்த ஆள் வீட்டைப் பார்க்கக் கூடாது, முன்பணம் கைமாறக் கூடாது. அவ்வளவுதான்.

என்னிடம் இருக்கும் அப்பாவின் பழைய சாவியை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார் மச்சான். எடுத்துவருவேன். அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு புதுப் பூட்டை அனுப்பியிருக்கிறேன். உன் தெரு முனையில் இருக்கும் தச்சரைக் கூப்பிட்டு இன்றைக்கே கதவில் மாட்டச் சொல். அதற்கு இரண்டு சாவிதான், இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. நான் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

எதிர்த்து நின்று பேச எனக்குத் தைரியம் இல்லை அக்கா. என்னால் முடிந்தது இதுதான்.

ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு வருவோம். முதலில் மச்சான் கூப்பிடுவார். பிறகு என்னைத் தட்டச் சொல்வார், நானும் தட்டுவேன், "அக்கா, நான்தான்" என்று சொல்வேன். திறந்துவிடாதே. கதவுக்குப் பக்கத்தில்கூட நிற்காதே, கீழே நிழல் தெரியும். நான் திரும்பி, வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

உன்
முயல்